திண்டிவனத்தில் கண் பரிசோதனை

ஆடி மாதத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை, விடியற்காலை ஐந்தேகால் மணிக்கு, விழுப்புரம் கீழ்ப்பெரும்பாக்கத்தில் தன் வீட்டுக் கழிவறைக்குள் நின்றுகொண்டு அரங்கநாதன் ஒரு சபதம் எடுத்தார். இது இளவரசிக்குத் தெரியவே கூடாது.

சபதம் எடுக்கிற இடமா அது என்று கேட்கலாம். அந்த வீட்டில் அவர் தன்னிஷ்டப்படி முடிவெடுக்க வாய்த்த ஒரே இடம் அதுதான்.

'இது' என்றது ரத்தத்தை. வலி இல்லை, எரிச்சலும் பெரிதாக இல்லை. வெள்ளைப் பீங்கானில் பளிச்சென்று ஐந்தாறு சொட்டு. அரங்கநாதனுக்கு வயது ஐம்பத்தொன்று. அரசு பஸ்ஸில் இருபத்தாறு வருட டிரைவர். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே தினமும் ஆறு தடவை விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டுகிறவர். எதிரே ராங் சைடில் வரும் கரும்பு டிராக்டரைக் கண்டுகூடக் கண் சிமிட்டாத மனுஷன், அந்த ஐந்து சொட்டைக் கண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகுதான், இனி உட்காருவதே ஒரு காரியம் என்று தெரிந்தது.

மனசுக்குள் ஒரு வியாதியின் பெயர் வந்தது. அதை அவர் மனசுக்குள்கூட முழுசாகச் சொல்லவில்லை. முதல் எழுத்திலேயே பிரேக் போட்டு நிறுத்திவிட்டார். மகள் கோயம்புத்தூரில் கடைசி வருஷம் படிக்கிறாள். வீட்டுக் கடைசித் தளம் பூசாமல் நிற்கிறது. இந்த நேரத்தில் போய்ச் சேருவதா?

பயந்த மனுஷன் பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கலாமே என்றால், அங்கேதான் வில்லங்கம். அது இரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை.

கோலியனூரில் ஒரு கிரகப்பிரவேசம். இளவரசியின் அண்ணன் இனியவன் வந்திருந்தார். திருவெண்ணெய்நல்லூரில் கரும்பு போடுகிறவர், பரம சாது. அவருக்கு அப்போது மூலத் தொந்தரவு. கையில் மஞ்சள் பை, பைக்குள் காற்றடித்த ரப்பர் வளையம். பந்தியில் அதை மெல்ல நாற்காலியில் போட்டு, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து உட்கார்ந்தார். பார்த்தது அரங்கநாதன். பந்தலில் மைக் செட் இருந்தது. அரங்கநாதனுக்கும் மைக்குக்கும் உள்ள உறவு, குரங்குக்கும் பூமாலைக்கும் உள்ள உறவு. எடுத்துவிட்டார். "எல்லாருக்கும் வணக்கம். சாதாரண நாற்காலியில் உட்காரும் பாக்கியம் இல்லாத எங்கள் அருமை மச்சான், இன்று காற்றின் மேல் எழுந்தருளியிருக்கிறார்" என்று ஆரம்பித்து ஐந்து நிமிஷம் பேசினார். பந்தியே சிரித்தது. இலையில் வைத்த பாயசம் ஆறும்வரை இனியவன் தலையைத் தூக்கவில்லை.

இனியவனைத் தவிர அன்று சிரிக்காத ஒரே ஆள் இளவரசி. சாம்பார் வாளியோடு காலையிலிருந்து நின்றபடியே பரிமாறிக்கொண்டிருந்தாள். கடைசிப் பந்தியில்கூட அவள் உட்காரவில்லை, கையில் தட்டோடு நின்றே சாப்பிட்டாள். அரங்கநாதன் அதைக் கவனிக்கவில்லை. மைக் பிடித்தவனுக்கு எதிரில் இருப்பவர்கள் தெரிவார்கள், பக்கத்தில் இருப்பவர்கள் தெரிய மாட்டார்கள்.

இப்போது இவருக்கும் அதே இடத்தில் தொந்தரவு. இளவரசிக்குத் தெரிந்தால் அண்ணனுக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரிந்தால் திருவெண்ணெய்நல்லூருக்கே தெரியும். உயிர் போனாலும் சரி, மானம் போகக் கூடாது. ஆண் மூலம் அரசாளும் என்பார்கள். இவருடைய மூலம் அரசு பஸ்ஸை ஓட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல் காலம் தள்ளுவது என்று முடிவாயிற்று.

முதல் திட்டம், துணி. கறை பட்ட துணி அவள் கைக்குப் போனால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் ஒரு கர்ச்சீப்பைக்கூட அலசாத அரங்கநாதன், மறுநாள் காலையில் பக்கெட்டும் சோப்புமாகக் கிணற்றடியில் நின்றார். இளவரசி வாசல் தெளித்துவிட்டு வந்தவள் பார்த்தாள்.

"இன்னாங்க, நீங்களே தொவைக்கறீங்களா?"

"நீயும் மனுஷிதான. எவ்ளோதான் பண்ணுவே?"

இளவரசி அவரை ஒரு நிமிஷம் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "நல்லதுங்க" என்றாள். "அப்படியே என் பொடவை ரெண்டு ஊற வெச்சிருக்கேன். அதையும் கும்மிப் போட்டுடுங்க."

அன்றிலிருந்து நாற்பது நாள் அவர் இரண்டு பேர் துணியையும் துவைத்தார். போர்வை, ஜன்னல் திரை, மகள் விட்டுப்போன பழைய யூனிஃபார்ம் எல்லாம் வந்தது. திட்டம் வெற்றி என்று அவர் உள்ளுக்குள் மீசையை முறுக்கிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட சந்தோஷம். சோறு போடுகிறவளிடமே அதை மறைத்தோம் என்பதுதான் அவருக்கு உறைக்கவில்லை.

இரண்டாவது திட்டம், லேகியம். பஸ் ஸ்டாண்டு கழிப்பிடச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்து வாங்கியது. தார் மாதிரி கறுப்பு, தாரை விடக் கசப்பு. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்து, காலையும் மாலையும் வண்டியைத் துடைக்கிற சாக்கில் ஒரு உருண்டை விழுங்குவார். ஒரே மாதத்தில் அந்த ஸ்கூட்டர் விழுப்புரத்திலேயே சுத்தமான ஸ்கூட்டர் ஆனது.

அதே சமயம் வீட்டில் இன்னொரு அதிசயம் நடந்தது. சாப்பாடு மாறியது. காலையில் இட்லிக்குப் பதில் கேப்பைக் கூழ். மதியத்துக்குத் தூக்கில் கீரை, வாழைத்தண்டு, தோலோடு பயறு. ராத்திரிக்குக் கொய்யாப்பழம். மல்லாட்டைச் சட்னியில், அதாவது வேர்க்கடலைச் சட்னியில், காரம் காணோம். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று புதுசாக வந்தது. சாயங்காலம் பாட்டில் காலியாகத் திரும்பாவிட்டால் மறுநாள் டீ கிடையாது. இதெல்லாம் எதுக்கு என்று கேட்டதற்கு, எனக்கு சுகர் வந்துடும்போல இருக்கு, அதான் என்று சொல்லிவிட்டாள். அரங்கநாதன் அவளுக்காகப் பரிதாபப்பட்டுக் கூழைக் குடித்தார். மூன்று வாரத்தில் ரத்தம் நின்றது. லேகியத்தின் மகிமையே மகிமை என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

புரட்டாசி பிறந்த மறுநாள் மறுபடி சொட்டியது. இந்தத் தடவை ஐந்து சொட்டோடு நிற்கவில்லை.

அன்று அவர் வண்டியை ஓட்டினாரா, வண்டி அவரை ஓட்டியதா என்று தெரியாது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீக்கடையில் நின்றபோது கண்டக்டர் புகழேந்தி பக்கத்தில் வந்தான். பன்னிரண்டு வருஷமாக இவரோடு ஓடுகிறவன். அவன் பெண்டாட்டி ஜெசிந்தாவும் இளவரசியும் ஒரே மகளிர் குழு. புகழேந்தி டீயை ஊதியபடி, சம்பந்தமே இல்லாமல், ஜெசிந்தாவின் மாமா ஒருத்தருக்கு மூலம் வந்த கதையை ஆரம்பித்தான். இதே ஊரில் ஒரு டாக்டராம். கத்தியே வைக்காமல் குணமாக்குகிறார்களாம். போன அன்றே வீட்டுக்கு வந்துவிடலாமாம்.

"எனக்கெதுக்குடா அதெல்லாம்" என்றார் அரங்கநாதன். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். "சும்மா தெரிஞ்சிக்கலாம்னு கேக்கறேன். எந்தப் பக்கம்?"

புகழேந்தி கையைக் காட்டினான். நடக்கிற தூரம்தான். அடுத்த டிரிப்புக்கு நாற்பது நிமிஷம் இருந்தது.

போனவருக்கு வாசலிலேயே இடி விழுந்தது. போர்டில் டாக்டர் வெண்ணிலா என்று எழுதியிருந்தது. வந்த வழியே திரும்பியவரை நர்ஸ், செருப்பை இங்கே விடுங்க என்று உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். முகத்தில் சிரிப்பும் இல்லை, அருவருப்பும் இல்லை. டயரில் காற்று எவ்வளவு என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார். ரத்தம் என்ன நிறம், மலத்தோடு கலந்தா தனியாகவா, ஏதாவது வெளியே வந்து உள்ளே போகிறதா, எடை குறைந்ததா, குடும்பத்தில் யாருக்காவது குடலில் புற்று உண்டா. அரங்கநாதன் மனசுக்குள் முதல் எழுத்தோடு நிறுத்தி வைத்த வார்த்தையை, அந்த அம்மாள் முழுசாகச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். கழிவறையில் எவ்வளவு நேரம், செல்போன் கொண்டுபோவது உண்டா. அரை மணி நேரம், உண்டு. தண்ணீர் எவ்வளவு குடிப்பீங்க, வந்தால் எவ்வளவு நேரம் அடக்குவீங்க. ஐம்பது பேரை வைத்துக்கொண்டு பாதி வழியில் நிறுத்த முடியுமா, அதனால் டிரைவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை, இப்பத்தான் ஒரு மாதமாக வீட்டில் மிரட்டுகிறார்கள் என்றார் இவர். "உங்க வீட்டுல இருக்கிறவங்க புத்திசாலி" என்றார் டாக்டர்.

பிறகு சோதனை. ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். அரங்கநாதன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, முருகா என்று ஆரம்பித்தார். கையுறை போட்ட ஒரு விரல். அப்புறம் கட்டைவிரல் தடிமனில் ஒரு சின்னக் குழாய், வெளிச்சத்தோடு. ஒன்பதாவது முருகாவில் எழுந்திருங்க என்றார்கள். நாற்பது நாள் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் இரண்டு நிமிஷத்தில் முடிந்ததை அவரால் நம்ப முடியவில்லை.

"மூலம்தான். உள்மூலம். இரண்டாவது நிலை" என்றார் டாக்டர். "ஆனா மூலம்கறது வெளியில இருந்து வந்த வியாதி இல்லீங்க. எல்லாருக்கும் இருக்கிற உறுப்பு. பஸ் கதவுல சுத்திலும் ரப்பர் பீடிங் வெச்சிருப்பாங்களே, எதுக்கு?"

"கதவு இறுக்கமா மூடறதுக்கும்மா. இல்லன்னா மழைத் தண்ணி உள்ள வந்துடும்."

"அதே வேலைதான். ரத்தக் குழாய்ங்களால ஆன சின்னச் சின்ன மெத்தைங்க. வாசல் கசியாம மூடறதுக்கு உடம்பே வெச்சிருக்கு. நீங்க முக்கி முக்கி, மணிக்கணக்கா உக்காந்து, வந்ததை அடக்கி அடக்கி, அதை வீங்க வெச்சிட்டீங்க. உள்ள இருக்கிற மெத்தைக்கு வலி தெரியாது. அதான் வலி இல்லாம ரத்தம் மட்டும் வருது."

அரங்கநாதன் வாயைப் பிளந்தார். ஐம்பத்தொரு வருஷமாக இப்படி ஒரு ஏற்பாடு தன்னோடு ஊர் சுற்றியது அவருக்குத் தெரியாது.

"எல்லாருக்கும் இருக்காம்மா?"

"எல்லாருக்கும்."

"கலெக்டருக்கு?"

"கலெக்டருக்கும், எனக்கும்."

அரங்கநாதனுக்கு உலகமே ஒரு நொடியில் சமத்துவபுரமாகத் தெரிந்தது. கோலியனூரில் மைக்கைப் பிடித்தபோது தனக்கும் அடியில் அதே மெத்தை இருந்திருக்கிறது என்று நினைத்தார். கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஆனால் டாக்டர் அதோடு விடவில்லை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, ரத்தம் மூலத்திலிருந்து மட்டும்தான் வருகிறது என்று கண்ணால் பார்க்காமல் சொல்ல மாட்டேன், கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடல் முழுக்கப் பார்த்துவிடலாம் என்றார். மூலம்தானே என்று தாங்களாகவே முடிவுகட்டி, லேகியம் தின்றுகொண்டிருந்து, உள்ளே இருந்த பெரிய வியாதியைக் கோட்டை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறாராம். அதே நாளில் மூலத்துக்கு ரப்பர் வளையமும் போட்டுவிடலாம். முந்தின நாள் கீரை, பழம், பயறு எதுவும் கூடாது, வயிறு காலியாவதற்கு மருந்து குடிக்க வேண்டும், மயக்க ஊசி போடுவதால் துணைக்கு ஒருத்தர் கட்டாயம் வர வேண்டும். அரங்கநாதன் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருந்த லேகியத்தை நினைத்து எச்சில் விழுங்கினார்.

துணைக்குப் புகழேந்தி என்று முடிவாயிற்று. இனி வீட்டில் ஒரு காரணம் சொல்ல வேண்டும். மூன்று டிரிப் யோசித்துப் பிடித்தார். ராத்திரி சாப்பிட்ட கையோடு ஆரம்பித்தார்.

"வியாழக்கெழம திண்டிவனத்துல கண் பரிசோதனை. டிரைவருங்க எல்லாருக்கும்."

"போன மாசந்தான பண்ணாங்க?"

"அது தூரப் பார்வைக்கு. இது கிட்டப் பார்வைக்கு."

"சரிங்க."

"முந்தின நாளு பேதி மருந்து குடிக்கணுமாம்."

"கண்ணுக்கா?"

"வயிறு சுத்தமா இருந்தாத்தான் பார்வை தெளியுமாம். புச்சா கண்டுபுடிச்சிக்கீறாங்க."

இளவரசி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "உள்ள வரைக்கும் நல்லா பாக்கச் சொல்லுங்க" என்றாள். உருவிய கீரையை எடுத்துக் காகிதத்தில் சுற்றி உள்ளே வைத்துவிட்டாள்.

புதன்கிழமை முழுக்க அரங்கநாதனுக்கு அதிர்ஷ்டமான நாள். நாற்பது நாளாகத் தழை தின்றவருக்கு அன்று பார்த்துக் கூழும் இல்லை, கீரையும் இல்லை. வெறும் வெள்ளைச் சோறும் தெளிந்த ரசமும். கேட்டதற்குக் கடையில் கீரை வரவில்லை என்றாள். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டார். சாயங்காலம் மருந்தைக் கரைக்க அவர் தயங்கி நின்றபோது, அவளே ஒரு பெரிய ஜாடியும் எலுமிச்சைத் துண்டும் கொண்டுவந்து வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு சில்லென்று குடித்தால் குமட்டாது என்று சொன்னாள். கழிவறையில் இரண்டு டிரம் நிறையத் தண்ணீர், புது சோப்பு, கொடியில் நாலு பழைய லுங்கி. அப்புறம் மகளிர் குழுக் கூட்டம் என்று கிளம்பி, மூன்று மணி நேரம் வீட்டுப் பக்கமே வரவில்லை.

அந்த மூன்று மணி நேரத்தில் நடந்ததை விவரிக்கப் போவதில்லை. ஹைவேயில் எத்தனையோ வேகம் பார்த்த அரங்கநாதன், அந்த வேகத்தைப் பார்த்ததில்லை. அத்தனைக்கு நடுவிலும் அவருக்கு இளவரசி மேல் இரக்கம்தான் வந்தது. பாவம், கள்ளங்கபடம் இல்லாதவள், கண் பரிசோதனை என்றால் நம்புகிறாள்.

வியாழக்கிழமை காலை புகழேந்தி உண்மையாகவே கூட வந்தான். ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தான். "சில்லறை மாத்திக்கினு வந்துர்றேன் அண்ணா" என்று போனவன் அப்படியே மாயமானான். அரங்கநாதன் பச்சை அங்கி போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்தார். துணைக்கு வந்தவர் கையெழுத்துப் போட்டாச்சா என்று டாக்டர் கேட்டது காதில் விழுந்தது. போட்டாச்சு என்று நர்ஸ் சொன்னதும் விழுந்தது. புகழேந்தி நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஊசி ஏறியது. கடைசியாக மனசில் வந்தது மகள் முகம். அதற்குப் பக்கத்தில் இளவரசியின் முகம். உண்மையைச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம் என்று முதல்முறையாகத் தோன்றியது. இனிமேல் சொல்ல முடியாமல் போனால் என்ன செய்வது என்று நினைக்கும்போதே கண் சொருகிவிட்டது.

கண் திறந்தபோதும் அதே முகம்தான் இருந்தது. கனவு என்று மூடிக்கொண்டார். திறந்தார். அரக்குப் புடவையில், அவர் நேற்றுத் துவைத்துக் காயப்போட்ட அதே புடவையில், ஸ்டூலில் இளவரசி உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் அவளுக்கு டீ கொண்டுவந்து கொடுத்து, முட்டி வலி எப்படி இருக்கு அக்கா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அரங்கநாதனுக்கு நாக்கு குழறியது. "கண்ணு..." என்றார்.

"கண்ணு நல்லா இருக்குதாம்" என்றாள் இளவரசி. "கடைசி வரைக்கும் பாத்துட்டாங்க."

டாக்டர் வந்து சொன்னார். குடல் முழுக்கச் சுத்தம். கட்டி, புண் எதுவும் கிடையாது. ரத்தம் மூலத்திலிருந்துதான். இரண்டு இடத்தில் ரப்பர் வளையம் போட்டிருக்கிறது. வளையத்துக்குள் ரத்தம் போகாமல் அந்த வீக்கம் சுருங்கி, ஒரு வாரம் பத்து நாளில் தானாக உதிர்ந்துவிடும். இரண்டு நாளைக்கு உள்ளே ஏதோ கனமாக இருக்கிற மாதிரி தோன்றும். வெந்நீரில் பத்து நிமிஷம் உட்காரலாம். ரத்தம் நிறையப் போனாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வர வேண்டும். மற்றபடி நார்ச்சத்து, தண்ணீர், அடக்காமல் போவது, கழிவறைக்குள் செல்போன் கூடாது. கத்தி இல்லை, தையல் இல்லை. தலைமுடி கட்டுகிற ரப்பர் பேண்டின் தம்பி மாதிரி ஒன்று இத்தனை பெரிய காரியத்தைச் செய்யும் என்பதை நினைத்து அரங்கநாதன் மலைத்துப்போனார். முதல் எழுத்திலேயே நிறுத்தி வைத்த அந்த வியாதி இல்லை என்பது அதற்கப்புறம்தான் மண்டையில் இறங்கியது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். இளவரசி அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம்வரை படுக்கவைத்துவிட்டு அனுப்பினார்கள். விழுப்புரம் பஸ் ஏறினார்கள். ஓட்டியவர் இவருக்குத் தெரிந்தவர். டிரைவர் வீட்டு ஆட்கள் ஏறினால் முன்பக்க ஒற்றை சீட்டு அவர்களுக்கு என்பது அந்த ரூட்டில் எழுதாத சட்டம். அதில் அரங்கநாதனை உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார். கூட்டேரிப்பட்டு வரை தாங்கினார். டாக்டர் சொன்ன அந்தக் கனம் ஒவ்வொரு பள்ளத்திலும் ஆஜர் சொல்லியது. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீ உட்காரு என்று இளவரசிக்குக் கையைக் காட்டினார்.

காலியான அந்த சீட்டையும் தான் பிடித்திருந்த கம்பியையும் பார்த்தபோது அவருக்கு ஏதோ நினைவுக்கு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன், கோலியனூர் விசேஷம் முடிந்த அடுத்த மாதம், திண்டிவனத்துச் சித்திக்கு உடம்பு சரியில்லை என்று இளவரசி மூன்று சனிக்கிழமை இவர் பஸ்ஸிலேயே போய்வந்தாள். மூன்று தடவையும் இந்த ஒற்றை சீட்டைப் புகழேந்தி காலியாக வைத்திருந்தான். மூன்று தடவையும் அவள் உட்காரவில்லை. முப்பத்தெட்டு கிலோமீட்டரும் இந்தக் கம்பியைப் பிடித்து நின்றபடி வந்தாள். பஸ்ஸே பார்க்கும்படி டிரைவர் பெண்டாட்டி இப்படி அவமானப்படுத்துகிறாளே என்று இவர் ஒரு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த நர்ஸ் எதற்கு அக்கா என்று கூப்பிட்டாள் என்பது அப்போது புரிந்தது. ஒரு பெண் டாக்டராகத் தேடிப் பிடித்தது யார் என்பதும் புரிந்தது.

"அந்த மூணு சனிக்கெழம..." என்றார்.

"ம்" என்றாள் இளவரசி. "முன்னாடி நாளு மருந்து குடிச்சது ஜெசிந்தா வீட்டுல. கையெழுத்துப் போட்டதும் அவதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். விக்கிரவாண்டி டோல்கேட் விளக்குகள் வந்துகொண்டிருந்தன. "எங்க அண்ணன் அன்னிக்குத் தலையைக் குனிஞ்சிக்கினு உக்காந்திருந்துச்சே, நானும் பாத்துக்கினுதான இருந்தேன். அன்னிக்கே எனக்கு ரத்தம் போய்க்கினு இருந்துச்சு."

அரங்கநாதனுக்கு யாரோ கன்னத்தில் அறைந்தாற்போல இருந்தது. ஒரு மனுஷி வலியை விழுங்கிக்கொண்டு, தன் புருஷன் ஓட்டுகிற வண்டியில், அவன் முதுகுக்குப் பின்னால் அத்தனை தூரம் நின்றுகொண்டு வந்திருக்கிறாள். கண்ணாடியில் பின்னால் வரும் லாரியை எல்லாம் பார்த்தவனுக்கு அவள் தெரியவில்லை. இவருடைய ஐந்து சொட்டை மட்டும் அவள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். கூழும் கீரையும் பாட்டிலும் புகழேந்தியின் டீயும் யார் வேலை என்று அவர் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது. அவர் தடுக்கில் பாய்ந்தால் அவள் கோலத்தில் பாய்கிறவள். பாய்ந்து பிடித்தது அவர் உயிரை. இப்படி ஒருத்தி தன் வீட்டில்தான் இருக்கிறாள் என்பதை நினைத்து அவர் கம்பியைப் பிடித்தபடி பிரமித்து நின்றார்.

"தப்பு பண்ணிட்டேன் இளவரசி" என்றார் கடைசியில்.

"ஆமாங்க" என்றாள் அவள். தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டியபடி, "அதுக்காகத் தொவைக்கறதை வுட்றாதீங்க. நல்லா வெளுக்கறீங்க" என்றாள்.

வீடு வந்து சேர்வதற்குள் அரங்கநாதன் இரண்டாவது சபதம் எடுத்துவிட்டார். இனி அவளிடம் எதையும் மறைப்பதில்லை. இனியவனிடம் தானே நேரில் போய், தலை குனிந்து, மன்னிப்புக் கேட்பது. தானே முதலில் சொல்லிவிட்டால் கொஞ்சமாவது கௌரவம் மிஞ்சும். ஞாயிற்றுக்கிழமையே கிளம்பலாம் என்று நினைத்தபடி வெந்நீர் போட்டு, குளியலறையில் கிடந்த நீல பிளாஸ்டிக் டப்பை எடுத்தார். அவள் கால் ஊற வைக்கிறேன் என்று இரண்டு வருஷமாக வைத்திருந்த டப்பு.

"அதை வையுங்க, அது என்னுது" என்றாள் இளவரசி சமையலறையிலிருந்து. "உங்களுது பச்சை. பரண் மேல கீது, பாருங்க."

ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தார். புது டப்பு, அதன் மேல் ஒரு மாதத்துத் தூசி. உள்ளே ஒரு மஞ்சள் பை. பைக்குள் காற்றடித்த ரப்பர் வளையம். எங்கேயோ பார்த்த வளையம். அரங்கநாதன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டூல் மேலேயே நின்றார்.

"அண்ணன் போன மாசமே கொண்டாந்து குடுத்துச்சுங்க" என்றாள் அவள். "மைக் செட்டும் சொல்லட்டுமான்னு கேட்டுச்சு. நான்தான் வேணாம்னுட்டேன்."